முடி களைந்த மேடை



முத்தமிழ் என்று முழங்காத தமிழ்மேடை இல்லை. இயற்றமிழுக்கு நூலகங்கள் உள. இசைத்தமிழுக்கு மீட்க வேண்டுவன மிகுதியெனினும், பண்ணும் பாடுவோரும் உளர். மூன்றாம் தமிழுக்கு உள்ளது யாது? ஆண்டுவிழாவின் இறுதி அரைமணி நேரம்! அப்பொழுதும் மேடையேறுபவன் முடிசூடிய மன்னன். அவன் கையில் அட்டைவாள். வாயில் மூச்சு முட்டும் அடுக்குமொழி. திரை விழுந்ததும் கைதட்டல். பொழுது விடிந்ததும் மறதி.

முன்னோர் இவ்வளவோடு நின்றாரல்லர். 1891-இல் பெ. சுந்தரனார் மனோன்மணீயத்தை வெளியிட்டார். 33 அகவையிலேயே மறைந்த பரிதிமாற் கலைஞர் நாடகங்களை எழுதியதோடு அமையாது, நாடகத்துக்கு இலக்கணமாக நாடகவியலையும் 1897-இல் யாத்தார். பாவேந்தரின் பிசிராந்தையார் அவர் மறைவுக்குப் பின்னர், 1969-ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமிப் பரிசைப் பெற்றது. எனினும் இந்நூல்களைப் பாடமாக அறிந்த தமிழர் பலர். மேடையில் கண்டவர் மிகச் சிலர். வித்து நெல்லைக் குதிரிலேயே வைத்திருந்து, விளைச்சல் இல்லையென்று வருந்துவதுபோல் ஆயிற்று நிலைமை!

தமிழ்மன்றங்களும் கல்லூரி மாணவரும் படித்து நடிக்கத் தக்கவையாக மூன்று நாடகங்கள் இங்கே எடுத்துரைக்கப் பெறுகின்றன. அச்சேறிய ஆண்டால் அவை நேற்றையன அல்ல. ஆனால் நாடகம் தான் மேடையேறாத ஊரில் என்றும் புதியதே. மூன்றிலும் கருத்து மன்னன்மேல் இல்லை. ஒன்றில் ஒரு பாடினி. ஒன்றில் ஓர் உழவுக்கூலி. ஒன்றில் பிள்ளைகளைப் பிரிந்த முதிய பெற்றோர். மேடையின் நடுவிடம் இவர்களுக்கு உரியதாகிறது.

முதலாவது, பாவலர் இன்குலாபின் 'ஔவை'. 1998-இல் அ. மங்கையின் இயக்கத்தில் மேடையேறியது. ஔவை என்றதும் தமிழர் கண்முன் தோன்றுபவள் யார்? நீறு பூசிக் கோலூன்றிய கிழவி. 1940களில் தி. க. சண்முகம் அவ்வடிவில் நடித்து, 'அவ்வை' என்பதையே தம் பெயரின் முன்னொட்டாகப் பெற்றார். 1953-இல் வெளிவந்த திரைப்படத்தில் கே. பி. சுந்தராம்பாள் அதனை மேலும் நிலைநாட்டினார். ஆனால் அறநூல் பாடிய ஔவை பிற்காலத்தவர். புறநானூற்று ஔவை வேறானவர். அவர் அதியமானோடு கள்ளுண்டு மகிழ்ந்தவர். அவன் அளித்த நெல்லிக்கனியைப் பெற்றவர். தொண்டைமானிடம் தூது சென்று, மாலை சூட்டி நெய் பூசிய அவன் படைக்கலங்களின் பொலிவையே, போர் காணாமைக்குச் சான்றாக்கி நகைத்தவர். அதியமான் மாய்ந்தபோது நட்பின் இழப்பை நெஞ்சுருகப் பாடியவரும் அவரே. இன்குலாப் மீட்டெடுப்பது இந்தப் பாடினியை. பெண்ணொருத்தியின் இளமையையும் அறிவையும் உரிமையையும் ஒருங்கே ஏற்க மாட்டாத குமுகாயம், அவளை மூதாட்டியாக்கிய பின்னரே கைகூப்பிற்று என்னும் உண்மை, இந்நாடகத்தைக் காண்பார் நெஞ்சில் தைக்கும்.

இரண்டாவது, இந்திரா பார்த்தசாரதியின் 'நந்தன் கதை'. சேக்கிழார் பாடிய திருநாளைப்போவார் தீயில் மூழ்கி முனிவர் வடிவில் எழுகிறார். 19-ஆம் நூற்றாண்டில் அக்கதையைப் பாடிய கோபாலகிருட்டிண பாரதியார், நந்தனை அடக்கியாளும் நிலக்கிழாராகிய வேதியரை அதனுள் கொணர்ந்தார். இந்நாடகமோ மேலும் ஒரு வினாவை எழுப்புகிறது: அந்தத் தீயை மூட்டியவர் யார்? இறையருளாகப் போற்றப்பட்ட நிகழ்ச்சி, இங்கே உயர்குலத்தார் கூடிச் செய்த சூழ்ச்சியாக வெளிப்படுகிறது. ஒடுக்கப்பட்டவனிடம் உன் ஆட்டம் இழிந்தது, எங்கள் ஆட்டமே உயர்ந்தது என்று நம்பவைத்தல், அவனைச் சுடுவதற்கு முன்பே அவன் வேரைச் சுடுவதாகும். 1968 திசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் குடிசைக்குள் எரிந்தன. அக்கொடுமையைக் கருவாகக் கொண்டு 'குருதிப்புனல்' எழுதிய கையே இந்நாடகத்தையும் எழுதிற்று. பழங்கதையின் தீ எங்கே தொடர்கிறது என்று காண்போர்க்கு எவரும் எடுத்துச்சொல்ல வேண்டுவதில்லை.

மூன்றாவது, ஈழத்து நாடகப் பேராசான் குழந்தை ம. சண்முகலிங்கத்தின் 'எந்தையும் தாயும்'. 1978-இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தோற்றுவித்தவர் அவர். 1985-இல் மேடையேறிய 'மண் சுமந்த மேனியர்' அவர் பெயரை எங்கும் பரப்பிற்று. 1990களில் எழுந்த 'எந்தையும் தாயும்' போர்க்களத்தைக் காட்டவில்லை. பிள்ளைகள் அயல்நாடுகளுக்குச் சென்றபின் வீட்டில் எஞ்சிய முதியவர்களைக் காட்டுகிறது. பாரதியார் பாட்டில் நாட்டுப்பற்றின் முதற்சொல்லாக நின்ற தொடர், இங்கே ஆளொழிந்த வீட்டின் பெயராகிறது. தாய்நாடு என்று பேசுவது எளிது. தாயை யார் பார்ப்பது? இவ்வினா யாழ்ப்பாணத்தோடு நிற்பதன்று. பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் திண்ணையில் காத்திருக்கும் தமிழ்நாட்டுப் பெற்றோரையும் அது தொடும்.

இங்கே ஒரு தடை எழக்கூடும். இந்நாடகங்களின் மொழி முற்றும் தனித்தமிழ் அன்றே. தமிழ்மன்றங்கள் இவற்றை ஏற்கலாமா என்பது அது. கட்டுரையின் மொழி எழுதுவோனது. நாடகத்தின் மொழி கதைமாந்தரது. யாழ்ப்பாணத்து முதியவளின் வாயில் பேராசிரியர் நடையைத் திணித்தால், தூய்மை மிஞ்சும்; முதியவள் மறைந்துவிடுவாள். மேலும், மக்கள் பேச்சு தமிழுக்குப் பகையன்று. அழகை 'வடிவு' என்றும், பேசுதலைப் 'பறைதல்' என்றும் வழங்கி, ஏட்டுநடை கைவிட்ட சொற்களைக் காத்தது ஈழத்தார் நாவன்றோ? மொழிக்காப்பு என்பது சொற்களைக் காப்பது மட்டுமன்று. அச்சொற்களால் உண்மை பேசும் துணிவைக் காப்பதுமாகும்.

இனி, செய்யத்தக்கது யாது? பாட்டு நூலை ஒருவர் தனித்துப் படிக்கலாம்; நாடக நூலைப் பலர் கூடிப் படித்தல் வேண்டும். பத்துப்பேர் வட்டமாக அமர்ந்து, ஆளுக்கொரு பங்கெடுத்து உரக்கப் படிக்கட்டும். மறுவாரம் பங்குகளை மாற்றிக்கொள்ளட்டும். எவர் குரல் எவருக்குப் பொருந்தும் என்பது அப்பொழுதுதான் விளங்கும். ஔவையைப் பெண்ணே நடிக்கட்டும். நந்தன் கதைக்குப் பறை முழக்க வருவோரை ஓரத்தில் நிறுத்திக் கூலி கொடுத்து அனுப்பாமல், ஆசானாக அமர்த்தி அடவு கற்கட்டும். எந்தையும் தாயும் நாடகத்தில் பேச்சைப் போலவே அமைதியையும் பயிலட்டும். ஆளில்லா வீட்டின் அமைதியும் ஓர் உரையாடலே. ஆசிரியர் அல்லது உரிமையுடையோரின் இசைவைப் பெறாமல் எந்நாடகத்தையும் மேடையேற்றலாகாது. நேரம் கருதித் தம் விருப்பம்போல் வெட்டலும் ஆகாது.

ஒளிவிளக்கும் பட்டுத்திரையும் இல்லையென்று எவரும் தயங்க வேண்டா. தெருவின் முச்சந்தியிலும் களத்துமேட்டிலும் விடிய விடியக் கூத்தாடிய இனம் இது. ஒரு பாடினி தலைநிமிர்ந்து நிற்கவும், ஓர் உழவன் தன் தீயைச் சுட்டிக்காட்டவும், ஒரு தாய் வாயிலை நோக்கி அமரவும் ஆறடி மண் போதும்.

வரும் ஆண்டுவிழாவில் அந்த இறுதி அரைமணி நேரம் முதன்மை நேரமாகட்டும்! மன்னர்கள் சற்றே இறங்கி, அவையில் அமர்ந்து பார்க்கட்டும்!