எந்தச் சட்டத்தின்படி?

இரவு நேரத்தில் கதவு தட்டப்படுகிறது. திறந்து பார்த்தால் வாசலில் போலீஸார் நிற்கிறார்கள். "நான் என்ன குற்றம் செய்தேன்?" என்ற கேள்விதான் அப்போது நம் மனத்தில் முதலில் எழும். ஆனால் அதற்கும் முன்னதாகக் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. "எந்தச் சட்டத்தின்படி வந்திருக்கிறீர்கள்?" என்பதே அது. இக்கேள்வியைக் கேட்கும் உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது, அது எதுவரை செல்லும் என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

நான் வழக்கறிஞன் அல்லன். மத்திய சர்க்கார் அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளன். 'அதிகாரம்' என்ற சொல்லை நாள்தோறும் பலமுறை எழுதுகிறவன். திருக்குறளிலும் அதிகாரம் உண்டு. அங்கே அது பத்துக் குறள்களுக்குள் அடங்கி நிற்பது. தொடக்கமும் முடிவும் உடையது. அரசாங்கத்தின் அதிகாரமும் அவ்வாறு எல்லைக்குள் நிற்கவேண்டும் என்பதே இங்கிலாந்தில் வளர்ந்த 'பொதுச் சட்டம்' என்னும் நெறியின் சாரம். பாராளுமன்றம் இயற்றிய விதிகளினின்று வேறாக, நீதிமன்றங்கள் வழக்குக்கு வழக்கு அளித்த தீர்ப்புகளால் உருவானது அந்நெறி. சட்டம் தடுக்காத எதையும் குடிமகன் செய்யலாம். அதிகாரியோ, பிறர் உடலையும் வீட்டையும் பொருளையும் தொடுவதற்குச் சட்டத்தின் அனுமதியைக் காட்டியாக வேண்டும்.

இதனை நிலைநாட்டிய வழக்கு ஒன்றைக் கூறுகிறேன். ஜான் என்டிக் என்பவர் லண்டனில் வாழ்ந்த எழுத்தாளர். அரசாங்கத்தைத் தாக்கி எழுதிய பத்திரிகை ஒன்றுடன் அவருக்குத் தொடர்பு உண்டு என்று கருதப்பட்டது. 1762 நவம்பரில் அரசரின் தூதர்கள் நால்வர் அவர் வீட்டினுள் புகுந்தனர். நான்கு மணி நேரம் பெட்டிகளையும் மேசை அறைகளையும் உடைத்துத் தேடித் தாள்களை அள்ளிச் சென்றனர். அவர்கள் கையில் அமைச்சர் ஹாலிபாக்ஸ் பிரபு கையொப்பமிட்ட வாரண்டு இருந்தது. என்டிக் அவர்களோடு மல்லுக்கு நிற்கவில்லை. பின்னர் நீதிமன்றம் சென்றார்.

"இத்தகைய வாரண்டுகள் நெடுங்காலமாக வழங்கி வருகின்றன, அரசின் பாதுகாப்புக்கு இவை அவசியம்" என்று எதிர்த்தரப்பினர் வாதிட்டனர். தலைமை நீதிபதி காம்டன் பிரபு 1765-இல் அளித்த தீர்ப்பில் அவ்விரண்டையும் தள்ளிவிட்டார். இத்தகைய அதிகாரம் இருக்குமாயின் அது சட்ட நூல்களில் காணப்படவேண்டும். அங்கே இல்லையெனில் அது சட்டமே அன்று என்பது அவர் முடிவு. வழக்கமும் அவசியமும் சட்டமாகிவிடா என்று ஒரு நீதிபதி அமைச்சரின் கையொப்பத்தையே செல்லாததாக்கினார். நடுவர்கள் என்டிக்குக்கு 300 பவுன் நஷ்டஈடு விதித்தனர்.

1947-இல் அந்நாட்டுப் பிரபுக்கள் சபை மற்றொரு விதியை வலியுறுத்தியது. வாரண்டின்றிக் கைது செய்யும்போது உண்மையான காரணத்தைக் கைதானவருக்குச் சொல்லவேண்டும். சொல்லாவிடில், சாதாரணமாக அக்கைது செல்லாது.

எனினும் இந்நெறியில் ஓர் ஓட்டையும் உண்டு. தம் தொலைபேசிப் பேச்சைப் போலீஸார் ஒட்டுக்கேட்டனர் என்று மலோன் என்னும் வியாபாரி தொடுத்த வழக்கில், அதைத் தடுக்கும் சட்டம் ஏதும் இல்லை, ஆகவே அது சட்டவிரோதம் அன்று என்று 1979-இல் தீர்ப்பாயிற்று. வீட்டுக்குள் கால் வைத்தவரைத் தடுத்த சட்டத்தால், கம்பி வழியே காது வைத்தவரைத் தடுக்க இயலவில்லை! ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1984-இல் இதைக் கண்டித்த பிறகே, 1985-இல் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது.

நம் நாட்டில் தீர்ப்புகளை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை. எழுதப்பட்ட அரசியலமைப்பு நமக்கு உண்டு. சட்டம் வகுத்த நடைமுறையின்படி அன்றி ஒருவருடைய உயிரையோ சுதந்திரத்தையோ பறித்தல் ஆகாது என்கிறது 21-ஆவது விதி. உத்தரப் பிரதேசத்தில் கரக் சிங் என்பவர் கொள்ளை வழக்கு ஒன்றில் சாட்சியமின்றி விடுவிக்கப்பட்டவர். அப்படியிருந்தும் போலீஸார் இரவில் அவர் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டிய வண்ணம் இருந்தனர். 1962 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த இரவு வருகைகளைச் செல்லாதவை என்றது. அவற்றுக்கு ஆதாரமாயிருந்தவை இலாகாவின் கட்டளைகள், சட்டம் அல்ல. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ராஜகோபால அய்யங்கார். ஆனால் அந்தரங்க உரிமை அரசியலமைப்பில் இல்லை என்றும் அத்தீர்ப்பு கூறிற்று. அப்பகுதியை ஒன்பது நீதிபதிகள் 2017-இல் நீக்கினர்.

வெளி மாநிலங்களில் வாழும் நமக்கு இதில் தனிக்கவனம் தேவை. வடநாட்டு நகரம் ஒன்றில் சமையல் வேலை செய்யும் நண்பர் ஒருவர் காவல் நிலையம் சென்று திரும்பினார். ஒரு தாளில் கையொப்பம் இட்டதாகச் சொன்னார். "என்ன எழுதியிருந்தது?" என்று கேட்டேன். "தெரியாது ஸார், போடச் சொன்னார்கள், போட்டேன்" என்றார். அவருக்குத் தீங்கு ஏதும் நேரவில்லை. ஆயினும் அந்தத் 'தெரியாது' என் மனத்தை விட்டு அகலவில்லை. தெரியாத மொழியில் சொல்லப்பட்ட காரணம், சொல்லப்படாத காரணமே அல்லவா?

உச்ச நீதிமன்றமும் அவ்வாறே கருதியது. நாகபுரியில் தடுப்புக் காவலில் வைக்கப்பட்ட ஹரிகிஷன் என்பவருக்குக் காரணங்கள் ஆங்கிலத்தில் தரப்பட்டன. அவர் ஹிந்தியில் கேட்டார், மறுக்கப்பட்டது. வாய்மொழியாக விளக்கியது போதாது, அவர் அறிந்த மொழியிலேயே எழுதித் தரவேண்டும் என்று கூறி, 1962-இல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. கைது செய்யப்படும் ஒவ்வொருவருக்கும், அவர் அறிந்த மொழியில் காரணங்களை எழுத்தில் தரவேண்டும் என்று 2025-இல் அதே நீதிமன்றம் கூறியது.

ஆகவே நேயர்கள் சிலவற்றை நினைவில் கொள்ளவேண்டும். கைதானவரை, பிரயாண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்திற்குள் மாஜிஸ்டிரேட் முன் நிறுத்தவேண்டும். வழக்கறிஞரைக் கலந்துகொள்ளும் உரிமை அவருக்கு உண்டு. கைதான செய்தியை அவர் குறிப்பிடும் உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவிக்கவேண்டும். விசாரணையில் போலீஸாரிடம் சாட்சி சொல்லும் வாக்குமூலத்தில் கையொப்பம் இடத் தேவையில்லை. தடுப்புக் காவலுக்கு மட்டும் இவ்விதிகளுள் சில பொருந்தா. அங்கே பாதுகாப்பு குறைவே.

இவையெல்லாம் போலீஸாரைப் பகைக்கச் சொல்லும் வார்த்தைகள் அல்ல. சட்டப்படி வந்த அதிகாரிக்குப் பணிவது நம் கடமை. தவறாக வந்தவரை வாசலில் எதிர்த்து நிற்பதும் அறிவுடைமை ஆகாது. அமைதியாகக் கேளுங்கள், தமிழிலே கேளுங்கள்: "எந்தச் சட்டத்தின்படி?" விடை புரியவில்லையாயின், புரியவில்லை என்று சொல்லுங்கள். புரியாத தாளில் மட்டும் பெயரை எழுதாதீர்கள்.