தொலைபேசி எண் இருந்தும் எட்டாதவர்கள்

(நமது மருத்துவமனையைத் தாங்குவோர் கூடுகையில் மருத்துவமனை ஆயர் ஆற்றிய உரை)

தூரத்துச் சபைகளிலிருந்தெல்லாம் சிரமம் பாராமல் நாகப்பட்டினம் வந்திருக்கிறீர்கள். புதிய கட்டடத்தைப் பற்றி நான் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். இன்று நான் பேச விரும்புவது நமது வரவேற்பு மேஜைமேல் இருக்கும் தொலைபேசியைப் பற்றி.

கீழ்வேளூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தாயார் சர்க்கரை நோய்க்காக நம்மிடம் வந்துகொண்டிருந்தார். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். காலில் ஒரு புண். கட்டு மாற்ற வரவேண்டிய நாளில் அவர் வரவில்லை. சீட்டில் இருந்த எண்ணுக்கு அழைத்தோம், பதில் இல்லை. வராத நோயாளிகளை விசாரிப்பது என் பொறுப்புகளில் ஒன்று. "அழைத்தோம், தொடர்பு கிடைக்கவில்லை" என்று பதிவேட்டில் எழுதியது என் கைதான். எழுதியதும் என் கடமை முடிந்துவிட்டதாக எண்ணினேன்.

மூன்று வாரம் கழித்து அவரை ஆட்டோவில் தூக்கி வந்தார்கள். இரண்டு கால்விரல்களை எடுக்கவேண்டியதாயிற்று. கட்டிலருகே ஜெபிக்கப் போன நான், "ஏம்மா, ஒரு போன் செய்திருக்கக் கூடாதா?" என்று கேட்டுவிட்டேன்.

"மூணு தடவ பண்ணுனேங்கய்யா. பக்கத்து வீட்டுப் புள்ளையோட போன்லதான். ஒரு தடவ மணி அடிச்சிக்கிட்டே இருந்திச்சி. மத்த ரெண்டு தடவயும் ஒரு பொம்பளக் கொரலு ஒண்ண அமுக்கு, ரெண்ட அமுக்குன்னுச்சி. எத அமுக்குறதுன்னு தெரியல. அவங்க போனாச்சேன்னு கொடுத்துட்டேன்" என்றார்.

சீட்டில் இருந்த எண் திருப்பூரில் வேலை பார்க்கும் மகனுடையது. அவர் எண்ணை மாற்றி ஆறு மாதமாகியிருந்தது.

அதே வாரத்தில், டவுனில் இருக்கும் நமது நண்பர் ஒருவர் இரவு ஒன்பது மணிக்கு டாக்டரின் சொந்த எண்ணுக்கு அழைத்து, மாத்திரையைப் பற்றி ஒரு சந்தேகம் கேட்டார். ஐந்து நிமிடத்தில் பதில் கிடைத்தது. அவர்மேல் குற்றமில்லை. ஆனால் ஒரே மருத்துவமனைக்கு இரண்டு வாசல்கள் இருப்பதை அன்று கண்டுகொண்டேன்.

1990-களில் மஞ்சள் போர்டு மாட்டிய எஸ்.டி.டி. பூத்துகள் இருந்தன. அன்று பெரும்பாலான நோயாளிகள் நேரில் வந்து ஒரே வரிசையில் நின்றார்கள். இன்று "எல்லாரிடமும் போன் இருக்கிறதே" என்கிறோம். 2019-21-இல் எடுக்கப்பட்ட தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு வேறு விதமாகச் சொல்கிறது. தாங்களே பயன்படுத்தும் கைபேசி வைத்திருந்த பெண்கள், இந்தியாவில் நூற்றுக்கு ஏறத்தாழ 54 பேர்தான். தமிழ்நாட்டில் நிலைமை மேல். ஏறத்தாழ நான்கில் மூன்று பேர். அந்த நான்காவது பெண்ணைத்தான் நான் நமது வார்டில் அடிக்கடி பார்க்கிறேன்.

வீட்டில் ஒரு போன் இருக்கும், அது கணவருடையது. அக்கரைப்பேட்டையில் அவர் கடலுக்குப் போனால் போனும் கூடவே போகும். ரீசார்ஜ் செய்யாவிட்டால் முதலில் பேச முடியாது. பிறகு வருகிற அழைப்பும் நின்றுவிடும். நடவுக்குப் போகிறவர் விடியுமுன் வீட்டை விட்டுக் கிளம்பி, கரையேறி வந்து போனைத் தேடும்போது நமது புறநோயாளிப் பிரிவு பூட்டியிருக்கும். இவர்களை நாம் "அக்கறை இல்லாதவர்கள்" என்று எழுதிவைக்கிறோம்.

அரசாங்கம் செய்த ஒரு நன்மையையும் சொல்லவேண்டும். 2008-இல் 108 ஆம்புலன்ஸ் சேவையும், 2013-இல் 104 மருத்துவ ஆலோசனை எண்ணும் தமிழ்நாட்டில் தொடங்கின. இரண்டுக்கும் கட்டணம் இல்லை. தமிழில் பேச ஆள் உண்டு. ஆனால் தன் காலுக்குக் கட்டுப்போட்ட நர்ஸம்மாவிடம் பேசவேண்டியவருக்கு அந்த எண்கள் போதாது.

2004 டிசம்பர் 26-ஐ நாகப்பட்டினத்தார் மறக்க முடியாது. அந்தக் காலையில் இந்த மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோரை இழந்தோம். அதே காலையில் புதுச்சேரியின் நல்லவாடு கிராமத்திற்கு, சிங்கப்பூரிலிருந்த அவ்வூர்க்காரர் ஒருவர் போன் செய்து எச்சரித்தார். அந்த அழைப்பு ஒரு வீட்டோடு நின்றிருந்தால் ஒரு குடும்பம் பிழைத்திருக்கும். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே அமைத்திருந்த அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் அதை ஊரார் அறிவித்தார்கள். ஊரே கடற்கரையை விட்டு ஓடி உயிர் பிழைத்தது. போன் இருந்தவர்கள் சிலர்தான். செய்தியைக் கொண்டுபோக ஆள் இருந்ததால் எல்லாருக்கும் எட்டியது.

பெதஸ்தா குளத்தண்டையில் 38 வருஷம் வியாதியாய்க் கிடந்த மனிதனை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் கலங்கும்போது முந்தி இறங்குகிறவனுக்கே சுகம். அவனுக்கு முன்னே வேறொருவன் இறங்கிவிடுவான். கொண்டுபோய் விட ஒருவரும் இல்லை என்பதே அவன் குறை. குளம் தூரத்தில் இல்லை, பக்கத்தில்தான் இருந்தது. நமது தொலைபேசியும் அப்படித்தான்.

நாங்கள் சிலவற்றை மாற்றியிருக்கிறோம். பதிவுச் சீட்டில் எண்ணை மட்டும் எழுதாமல், "இது யாருடைய போன்? எந்த நேரம் கிடைப்பார்?" என்றும் கேட்டு எழுதுகிறோம். மிஸ்டு கால் கொடுத்தால் போதும், நாங்களே திரும்ப அழைக்கிறோம். இரண்டு முறை கிடைக்காவிட்டால் ஆள் நேரில் போகிறார். பல முறை நானே போகிறேன். என் வயதில் சைக்கிளை விட்டு மினிபஸ்ஸுக்கு மாறிவிட்டேன்.

உங்களிடம் இரண்டு காரியங்களைக் கேட்கிறேன். மாலை ஆறு முதல் ஒன்பது வரை போனை எடுத்துப் பேச ஒரு சகோதரியை நியமிக்க உங்கள் காணிக்கை வேண்டும். பதிவுசெய்த குரல் அல்ல, நடவு வயலின் பேச்சைப் புரிந்துகொள்ளும் மனிதக் குரல் வேண்டும். இரண்டாவதற்குப் பணம் தேவையில்லை. இம்மாவட்டத்துச் சபைகள் ஒவ்வொன்றும், தெருவில் உள்ள நோயாளிகளுக்காக, எந்த மதத்தாராயிருந்தாலும், போன் செய்து கொடுக்க ஒருவர் பெயரைத் தாருங்கள்.

அந்தத் தாயார் இப்போது மெல்ல நடக்கிறார். போன வாரம் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் எண்ணிலிருந்து ஒரு மிஸ்டு கால் வந்தது. திரும்ப அழைத்தோம். "புண்ணு ஒண்ணுமில்லீங்கய்யா, நீங்க எடுக்குறீங்களான்னுதான் பாத்தேன்" என்றார்.

அவர் நம்மைச் சோதித்துப் பார்த்தது நியாயமே. அடுத்த முறையும் நாம் எடுக்கவேண்டும். அதற்கு உங்கள் ஜெபமும் கரங்களும் எங்களோடிருப்பதாக. ஆமென்.