முன் பிரேக்கைத் தொடாதேன்னு சொன்னது நான்தான்

தவளக்குப்பத்துலேர்ந்து பேசுறேன். நிறைய பேர் ஒரே கேள்வியை அனுப்பியிருந்தீங்க: "பையன் காலேஜ் போக செகண்ட் ஹேண்ட் பைக் வாங்கணும், எதைப் பார்த்து வாங்குறது?" மைலேஜ் பத்திச் சொல்ல ஊர்ல ஆயிரம் பேர் இருக்காங்க. நான் இன்னைக்கு பாதுகாப்பைப் பத்தி மட்டும் பேசுறேன். அதை எங்க வீட்டுலேர்ந்துதான் ஆரம்பிக்கணும்.

என் தம்பிக்கு வண்டி ஓட்டக் கத்துக் கொடுத்தது நான்தான். "முன் பிரேக்கைத் தொடாதே, குப்புறத் தள்ளிடும். கால் பிரேக்கை மட்டும் பிடி"ன்னு சொல்லிச் சொல்லி வளர்த்தேன். எங்க அப்பா எனக்குச் சொன்னது அது. ஒரு ஐப்பசி மாசம், முதல் மழை. கடலூர் ரோட்டுல முன்னாடி போன ஆட்டோ திடீர்னு நின்னுது. தம்பி கால் பிரேக்கை மிதிச்சான். பின் சக்கரம் சுத்தாம நின்னு, வண்டி பக்கவாட்டுல இழுத்துக்கிட்டுப் போய் விழுந்தது. தோள்பட்டை எலும்பு முறிஞ்சு மூணு மாசம் வேலைக்குப் போகலை. ஆஸ்பத்திரியில என்னைப் பார்த்து, "நீ சொன்ன மாதிரிதான்ணா பிடிச்சேன்"னான். குத்திக் காட்டலை, சும்மாதான் சொன்னான். ஆனா அது இன்னும் எனக்குள்ள இருக்கு.

அதுக்கப்புறம்தான் விஷயத்தைப் படிச்சேன். பிரேக் பிடிக்கும்போது வண்டியோட பாரம் முன்னாடி சாயும். முன் டயர் ரோட்டை நல்லா அழுத்தும், பின் டயர் லேசாயிடும். அதனால வண்டியை நிறுத்துற வேலையில பெரும்பங்கு முன் பிரேக்கோடது. பின் பிரேக்கை மட்டும் பிடிச்சா வண்டி நிக்க அதிக தூரம் ஆகும், சக்கரமும் சீக்கிரம் லாக் ஆகும். 60 கிலோமீட்டர் வேகத்துல ஒரு செகண்டுக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிடுறோம். கை பிரேக்குக்குப் போறதுக்குள்ளயே அவ்வளவு தூரம் போயிடும்.

அப்பா பயந்ததும் பொய் இல்லை. மணல்லயோ ஈரத்துலயோ முன் பிரேக்கை வெடுக்குன்னு பிடிச்சா முன் சக்கரம் லாக் ஆகி ஆளைக் கீழே தள்ளும். அந்தப் பயத்துக்கு வந்த பதில்தான் ஏபிஎஸ். சக்கரம் லாக் ஆகப் போறதை சென்சார் பார்த்து, பிரேக்கை ஒரே செகண்டுல பல தடவை விட்டு விட்டுப் பிடிக்கும். சிபிஎஸ் வேற. நீங்க பின் பிரேக்கைப் பிடிச்சா முன் பிரேக்கும் கொஞ்சம் சேர்ந்து பிடிக்கும், அவ்வளவுதான். லாக் ஆகுறதை அது தடுக்காது.

இப்ப செகண்ட் ஹேண்டுக்கு வருவோம். 2019 ஏப்ரல் 1 முதல் 125 சிசிக்கு மேல உள்ள புது வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம். 125 சிசி வரைக்கும் ஏபிஎஸ் இல்லேன்னா சிபிஎஸ் இருக்கணும்னு அப்ப விதி வந்தது. அதனால ஆர்சி புக்ல முதல்ல தயாரிப்பு மாசத்தைப் பாருங்க. அதுக்கு முந்தின வண்டியில ரெண்டுமே இல்லாம இருக்கலாம். ஏபிஎஸ்லயும் சிங்கிள் சேனல்னா முன் சக்கரத்துக்கு மட்டும், டூயல் சேனல்னா ரெண்டுக்கும்.

சாவி போட்டதும் மீட்டர்ல ஏபிஎஸ் விளக்கு எரியணும், வண்டி கொஞ்சம் நகர்ந்ததும் அணையணும். அணையலைன்னா கோளாறு. எரியவே இல்லைன்னா இன்னும் சந்தேகப்படுங்க.

அடுத்தது டயர். பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும். 2319ன்னா 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் தயாரானது. பட்டன் நல்லா இருந்தாலும் ரப்பர் பழசாகி இறுகியிருந்தா மழையில பிடிக்காது. டயர் மாத்துற செலவையும் சேர்த்து விலை பேசுங்க.

இன்னொண்ணு, சேலை கார்டு. பசங்க ஸ்டைலுக்குன்னு கழட்டிடுறாங்க. அம்மாவோ தங்கச்சியோ பின்னாடி உட்கார்ந்தா சேலையும் துப்பட்டாவும் சக்கரத்துல மாட்டக் கூடாதுன்னுதான் மோட்டார் வாகன விதிகள்லயே அது இருக்கு. பின்னாடி பிடிச்சுக்கிற கைப்பிடியும் அப்படித்தான். இல்லேன்னா மாட்டச் சொல்லிட்டு வாங்குங்க.

எல்லாம் இருந்தும் ஒண்ணை மறக்கக் கூடாது. அபிஷேகப்பாக்கம் பக்கமோ பாகூர் பக்கமோ போனா அறுவடை நேரத்துல ரோட்டுல நெல் காயும், டிராக்டர் சேறு இறைச்சுட்டுப் போகும். அந்த மாதிரி இடத்துல ஏபிஎஸ் இருந்தாலும் வண்டி நிக்க தூரம் கூடத்தான் ஆகும். அங்க வேகத்தைக் குறைக்கிறதைத் தவிர வேற வழி இல்லை.

பட்ஜெட் இடிச்சா என்ன பண்றது? நான் சொல்றது இதுதான்: சிசியைக் குறைங்க, கலரை விட்டுக் கொடுங்க, பிரேக்கையும் டயரையும் விட்டுக் கொடுக்காதீங்க. ஐஎஸ்ஐ முத்திரை உள்ள ஹெல்மெட்டுக்கும் முதல்லயே காசு ஒதுக்கிடுங்க.

வண்டி வாங்கினதும் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில பையனைக் காலி மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. 20 வேகத்துல ஆரம்பிச்சு, ரெண்டு பிரேக்கையும் சேர்த்து, முன் பிரேக்கை மெதுவா அழுத்திப் பழகச் சொல்லுங்க. என் தம்பிக்கு நான் அதைச் செஞ்சேன். அவன் விழுந்து எழுந்ததுக்கு அப்புறம். நீங்க முன்னாடியே செஞ்சிடுங்க.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.