முட்டுக்கட்டையின் பயன்



சித்திரைத் தேரோட்டத்தைத் திருவரங்கத்து வீதிகளில் பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி நினைவில் இருக்கும். ஆயிரக்கணக்கானோர் வடம் பிடித்து இழுக்க, சக்கரங்களின் அருகே சிலர் மரக்கட்டைகளுடன் குனிந்தவாறே நடந்து வருவார்கள். தேர் ஒரு பக்கமாக ஒதுங்கினால், மறு பக்கத்துச் சக்கரத்தின் அடியில் கட்டையைக் கொடுப்பார்கள். அந்தச் சக்கரம் தயங்கும். தேர் அப்பக்கமாகத் திரும்பும். பேச்சு வழக்கில் முட்டுக்கட்டை என்றால் இடையூறு என்று பொருள் கொள்கிறோம். ஆனால் தேருக்கு நேர்வழி காட்டுவதே அதுதான்.

இன்றைய மோட்டார் வண்டிகள் பலவற்றில் இதே கலை மின்னணுக் கருவியாக அமைந்துள்ளது. அதில் இரண்டு பகுதிகள் உண்டு. முதலாவது இழுவைக் கட்டுப்பாடு. ஒரு சக்கரம் பிடிப்பின்றி வெறுமனே சுழன்றால், அதை உணர்ந்து அச்சக்கரத்துக்குப் பிரேக் கொடுக்கும். எஞ்சினின் விசையையும் குறைக்கும். இரண்டாவது நிலைத்தன்மைக் கட்டுப்பாடு. ஓட்டுநர் ஸ்டியரிங்கைத் திருப்பிய அளவையும், வண்டி உண்மையில் திரும்பும் அளவையும் அஃது ஒப்பிடுகிறது. வளைவில் வண்டியின் பின்பக்கம் வெளியே வழுக்கினால், வெளிப்புறத்து முன்சக்கரத்தை மட்டும் பிடித்து வண்டியை நேர்ப்படுத்துகிறது. தேரின் முட்டுக்கட்டைக்கும் இதற்கும் தத்துவம் ஒன்றே.

1995-ஆம் ஆண்டில் மெர்சிடிஸ் நிறுவனம் பாஷ் நிறுவனத்துடன் சேர்ந்து இதைத் தன் பெரிய கார்களில் அறிமுகம் செய்தது. 1997-இல் ஸ்வீடன் நாட்டு மோட்டார் பத்திரிகை ஒன்று, திடீரென்று தடையை விலகிச் செல்லும் சோதனையை நடத்தியபோது, அந்நிறுவனத்தின் சிறிய கார் ஒன்று கவிழ்ந்தது. அதன் பின்னர் அவ்வகைக் கார்கள் அனைத்திலும் இக்கருவி பொருத்தப்பட்டது.

இத்துணைச் சிறந்த காவலை அணைப்பதற்கு ஒரு பொத்தானையும் ஏன் வைத்தார்கள்? அதற்கான விடையை நான் கொள்ளிடக் கரையில் கற்றேன்.

சென்ற ஐப்பசியில் என் தம்பி மகன் தன் பிக்கப் வண்டியில் வடகரைப் படுகையிலுள்ள வாழைத் தோட்டத்துக்கு எருச் சாக்குகளை ஏற்றிச் சென்றான். நானும் உடன் சென்றேன். இறக்கிவிட்டுத் திரும்புகையில் வண்டி மணலில் அழுந்திவிட்டது. “பெரியப்பா, எவ்வளவு மிதித்தாலும் எஞ்சின் சோர்ந்து போகிறதே!” என்றான். கையேட்டைப் புரட்டச் சொன்னேன். மணலிலும் சேற்றிலும் இழுவைக் கட்டுப்பாட்டை அணைக்கலாம் என்று அதில் கண்டிருந்தது. காரணம் எளிது. தளர்ந்த மணலில் சக்கரம் ஓரளவு சுழன்றுதான் முன்னேற வேண்டும். ஓட்டமும் குன்றக் கூடாது. கருவியோ அச்சுழற்சியை ஆபத்தென்று எண்ணி விசையைக் குறைத்துவிடுகிறது.

“அந்தப் பொத்தானை அழுத்து” என்றேன். சற்று அழுத்தினால் இழுவைக் கட்டுப்பாடு மட்டும் அணையும். நெடுநேரம் அழுத்தினால் நிலைத்தன்மைக் கட்டுப்பாடும் அணையும். அவசரத்தில் இரண்டையுமே அணைத்துவிட்டோம். சக்கரங்களின் முன்னே மணலை அகற்றித் தென்னை மட்டைகளை இட்டோம். வண்டி ஏறி வந்தது. எங்களுக்கு வெற்றிக் களிப்பு!

தார்ச்சாலையில் தூறல் விழுந்துகொண்டிருந்தது. கொள்ளிடப் பாலத்தை நெருங்கும் வளைவில் வண்டியின் பின்பக்கம் வழுக்கியது. வண்டி அரை வட்டமாகச் சுழன்று, வந்த வழியையே பார்த்து நின்றது. எதிரே வாகனம் ஏதும் வராததால் பிழைத்தோம். முகப்பில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்துகொண்டே இருந்தது. காவல் அணைந்திருக்கிறது என்பதற்கான அடையாளம் அது. சில வண்டிகளில் வேகம் கூடியதும் அது தானே உயிர்பெறும். எங்கள் வண்டியிலோ எஞ்சினை நிறுத்தி மீண்டும் இயக்கினால்தான் உயிர்பெறும். நாங்கள் எஞ்சினை நிறுத்தவே இல்லை. சுமையற்ற பிக்கப்பில் எடை முன்புறமே மிகுதி. பின்சக்கரங்களுக்குப் பிடிப்புக் குறைவு. ஈரச் சாலையில் அதற்குத்தான் காவல் மிகவும் தேவை.

வீடு வந்ததும் தம்பி மகன் தன்னையே நொந்துகொண்டான். தவறு அவனுடையதன்று. அணைக்கச் சொன்னவன் நான். மீண்டும் இயக்கச் சொல்லாதவனும் நானே. பல்லாண்டு பாடம் நடத்தியவன், பாடத்தின் பாதியை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திவிட்டேன்.

மாணவர்களே, விதிக்கு விலக்கு உண்டென்று அறிவது கல்வி. அவ்விலக்கு எந்த இடத்தில் தொடங்கி எந்த இடத்தில் முடிகிறது என்றும் அறிந்தால்தான் அக்கல்வி நிறைவுபெறும். மணலுக்காக அணைத்ததை மணலின் எல்லையிலேயே மீட்டுவிட வேண்டும். இப்போது எங்கள் வண்டி தார்ச்சாலையைத் தொடுமுன் நிற்கிறது. எஞ்சின் ஒருமுறை அணைந்து மீண்டும் எழுகிறது. மஞ்சள் விளக்கு மறைந்ததைப் பார்த்த பின்னரே புறப்படுகிறோம். நாளை நீங்கள் ஓட்டும் வண்டியிலும் அவ்விளக்கைப் பார்க்க மறவாதீர்கள்.