மீச்சிற்றளவும் சுழிப்பிழையும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"பத்து நிமிஷம்தான். உன் வேலையைப் பத்திப் பேசு, ஆனா பசங்களுக்குப் புரியணும்" என்று செயலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். லினக்ஸ் கர்னலுக்கு டிரைவர் எழுதுவதுதான் என் வேலை. இதை முதன்முதலில் அம்மாவிடம் சொன்னபோது, "டிரைவர் வேலைக்காடா இன்ஜினீயரிங் படிச்சே?" என்று கேட்டார். டிரைவர் என்பது வன்பொருளுக்கும் மற்ற மென்பொருளுக்கும் நடுவே நின்று, ஒருவர் சொல்வதை மற்றவருக்குச் சொல்லும் நிரல். அது சொல்வதை மற்றவர்கள் அப்படியே நம்புகிறார்கள். நான் ஒருமுறை அந்த நம்பிக்கையைக் கெடுத்த கதையைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

முதலாண்டு இயற்பியல் லேப் ஞாபகமிருக்கிறதா? திருகு அளவியைக் கையில் கொடுத்ததும் நம் சார் கேட்கும் முதல் கேள்வி: "மீச்சிற்றளவு எவ்வளவு?" 0.01 மில்லிமீட்டர் என்போம். அடுத்த கேள்வி: "சுழிப்பிழை பார்த்தியா?" இந்த இரண்டையும் எழுதாமல் அளவுகளை மட்டும் எழுதிக் கொண்டுபோனால், ரெக்கார்டு நோட்டு திரும்பி வரும். அன்றைக்கு எரிச்சலாக இருந்தது. அந்த இரண்டு கேள்விகளின் அருமை எனக்குத் தெரிந்தது ஓர் ஆஸ்பத்திரி வார்டில்.

வேலைக்குச் சேர்ந்த சில வருஷங்களில், நோயாளியின் படுக்கையருகே வைக்கும் மானிட்டர் ஒன்றுக்குப் பின்னொளி டிரைவர் எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. எல்சிடி திரை தானாக ஒளிராது. பின்னால் இருக்கும் எல்இடி விளக்குகள்தான் அதற்கு வெளிச்சம். அந்த விளக்குகளை நொடிக்குப் பல நூறு தடவை, சிலவற்றில் பல ஆயிரம் தடவை, அணைத்து ஏற்றுகிறோம். எரியும் நேரம் கூடினால் வெளிச்சம் கூடும், குறைந்தால் குறையும். எங்கள் சில்லில் அந்த நேரத்தை 0 முதல் 1023 வரை எந்த எண்ணாகவும் வைக்கலாம். அதாவது 1024 படிகள்.

லினக்ஸில் ஒவ்வொரு பின்னொளிக்கும் சில சிறு கோப்புகள் உண்டு. 'பிரைட்னஸ்' என்ற கோப்பில் வேண்டிய எண்ணை எழுதினால் வெளிச்சம் மாறும். 'மாக்ஸ் பிரைட்னஸ்' என்ற கோப்பு அதிகபட்ச எண் எது என்று சொல்லும். நான் அதில் என்ன போட்டேன் தெரியுமா? 15! காரணம், திரையில் வெளிச்சத்தைக் காட்டும் படத்தில் 15 கட்டங்கள் வரைந்திருந்தார்கள். கட்டம் 15, படியும் 15, கணக்கு சுலபம் என்று நினைத்தேன்.

மானிட்டர்கள் ஆஸ்பத்திரிக்குப் போயின. சில மாதம் கழித்து, வேறொரு கோளாறைப் பார்க்க இரவு நேரத்தில் போயிருந்தேன். ஒரு படுக்கையருகே மானிட்டர் மேல் துண்டு போட்டு மூடியிருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதயத் துடிப்பைக் காட்டும் திரை அது.

"ஏன் சிஸ்டர் மூடி வெச்சிருக்கீங்க?"

"ராத்திரி கண்ணைக் குத்துதுங்க சார். பாட்டி தூங்கவே மாட்டேங்கிறாங்க."

"வெளிச்சத்தைக் கம்மி பண்ணலாமே?"

"கம்மி பண்ணிப் பார்த்துட்டேங்க. ஒரு கட்டம் வெச்சாலும் குத்துது. அதுக்கும் கீழே போனா சுத்தமா அணைஞ்சு போயிடுதுங்க. நான் என்ன பண்ணட்டும்?"

அவங்க கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அலறல் சத்தம் இருந்ததால் விபரீதம் எதுவும் நடக்கவில்லை. ஆனால் அந்தத் துண்டைப் போட வைத்தவன் நான்தான்.

கணக்கைப் பாருங்கள். 1023-ஐ 15-ஆல் வகுத்தால் ஒரு படிக்கு 68. ஆக, மிகக் குறைந்த வெளிச்சமே நூற்றுக்கு 6.7. அடுத்த படி 13.3, ஒரேயடியாக இரண்டு மடங்கு! மேலே 14-லிருந்து 15-க்குப் போனால் வித்தியாசமே தெரியாது. நம் கண் அப்படிப்பட்டது. முழு வெளிச்சத்தில் பாதி என்று கண் நினைப்பது, அளந்து பார்த்தால் சுமார் 18 சதவீதம்தான். இருட்டில்தான் நமக்கு நுணுக்கமான படிகள் தேவை. அந்தப் பகுதியில் இருந்த 67 படிகளை நான் விழுங்கிவிட்டேன். வன்பொருளில் இல்லாத குறையை டிரைவர் உண்டாக்கியது. இது மீச்சிற்றளவில் செய்த தப்பு.

சுழியிலும் தப்பு. 0 என்றால் மிக மங்கலா, முழு அணைப்பா? இதில் எல்லா டிரைவர்களும் ஒன்றுபோல் நடப்பதில்லை. விளக்கை அணைக்கத் தனிக் கோப்பு இருக்கும்போது, வெளிச்சத்தின் கடைசிப் படியையும் அணைப்பாக்கினேன். மங்கலான வெளிச்சம் கேட்டவருக்கு இருட்டைக் கொடுத்தேன்.

ஊர் திரும்பியதும் திரையை லேபில் வைத்து அளந்தேன். 10-க்குக் கீழே விளக்கு நிலையில்லாமல் துடித்தது. அதுவும் வன்பொருள் சொல்லும் உண்மைதானே? ஆகவே 10-ஐ என் சுழியாக வைத்து, அதிகபட்சம் 1013 என்று அறிவித்தேன். 15 கட்டம் வேண்டுமென்றால் மேலே இருக்கும் செயலி, கண்ணுக்கு ஏற்றபடி வளைவாகப் பிரித்துக்கொள்ளட்டும். அழகு பார்ப்பது அதன் வேலை. உள்ளதைச் சொல்வதுதான் டிரைவரின் வேலை.

உண்மையைச் சொன்னதும் எல்லாம் சரியாகிவிடவில்லை! பழைய செயலி, முழு வெளிச்சம் என்று நினைத்து வழக்கம்போல 15 என்று எழுதியது. 1013-ல் 15 என்றால் நூற்றுக்கு ஒன்றரை. சோதனை மேசையில் திரை கிட்டத்தட்டக் கருத்துப்போனது. நல்லவேளை, வார்டுக்குப் போகும் முன்பே பிடிபட்டது. அதிகபட்சக் கோப்பைப் படிக்காமல் எண்ணை மனப்பாடம் செய்து வைத்திருந்த அந்தச் செயலியையும் திருத்தினேன். அளவுகோலை மாற்றினால், அதை நம்பியிருப்பவர்கள் எல்லோரையும் போய்ப் பார்க்க வேண்டும்.

இது என் ஒருவன் கதை மட்டுமல்ல. ஏஎம்டி வரைகலைச் சில்லுகளுக்கான லினக்ஸ் டிரைவர், உள்ளே 0 முதல் 65535 வரை எழுதிக்கொண்டு, வெளியே 0 முதல் 255 வரைதான் இருப்பதாகச் சொல்லிவந்தது. வெளியே ஒரு படி என்றால் உள்ளே 257 படி. 2025-இல்தான் முழு எல்லையையும் வெளியே காட்டும்படி மாற்றினார்கள். 255 என்ற எண்ணை அப்படியே எழுதி வைத்திருந்த ஸ்கிரிப்ட் ஏதேனும் இருந்தால், புது அளவில் அதற்குக் கிடைப்பது நூற்றுக்கு அரைகூட இல்லை.

இன்னொன்று. 'சிஸ்டம்டி' என்ற மென்பொருள், கணிப்பொறியை நிறுத்தும்போது வெளிச்ச எண்ணைச் சேமித்து, மறுபடி தொடங்கும்போது திரும்ப வைக்கும். அப்போது 1 அல்லது 5 சதவீதம், இதில் எது அதிகமோ அதற்குக் கீழே போகவிடாது. திரை அணையாத எண்ணை நம்பகமாக வைக்கக் கர்னல் வழிசெய்ததும் இந்தக் கட்டுப்பாடு நீக்கப்படும் என்று அதன் கையேட்டிலேயே எழுதியிருக்கிறார்கள். கீழே இருப்பவர் சொல்லும் சுழியை நம்ப முடியாததால், மேலே இருப்பவர் தற்காப்புக்காகப் போட்ட வேலி அது. எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் அந்த சிஸ்டர் போட்ட துண்டு ஞாபகம் வரும்.

மாணவச் செல்வங்களே, நீங்கள் டிரைவர் எழுதப் போகிறீர்களோ இல்லையோ, நாளைக்கு ஏதாவது ஓர் எண்ணை யாருக்காவது சொல்லும் இடத்தில் இருப்பீர்கள். அணையின் நீர்மட்டமாக இருக்கலாம், பாலத்தின் சுமையாக இருக்கலாம். "இவங்களுக்கு இது போதும்" என்று நீங்களே உருட்டித் திரட்டிச் சொல்லிவிடாதீர்கள். உங்கள் கருவி எவ்வளவு நுணுக்கமாக அளக்கும், அதன் சுழி எங்கே இருக்கிறது, இரண்டையும் முதல் பக்கத்தில் எழுதுங்கள். எவ்வளவு போதும் என்பதை ராத்திரி கண்விழித்து அந்தத் திரையைப் பார்ப்பவர் முடிவுசெய்யட்டும்.

மீச்சிற்றளவு எழுதாததற்காக என் ரெக்கார்டு நோட்டை மூன்று முறை திருப்பிக் கொடுத்த சார், இதோ முன் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். சார், கொஞ்சம் லேட்டாத்தான் புரிஞ்சுது. மன்னிச்சுக்கோங்க.