காதலுக்கு வாள், தமிழுக்கு வாழ்வு



தமிழகத்தின் முதற் பேசும்படம் எது? 1931-இல் வெளிவந்த ‘காளிதாசு’! வடமொழிப் பாவலன் ஒருவனின் கதை. அதிலும் தமிழ் தனித்து ஒலிக்கவில்லை. தெலுங்கும் கலந்தே ஒலித்தது. ஆறாண்டுகள் கழித்து, 1937-இல், தமிழ்ப் பாவலன் ஒருவனின் காதலைச் சொல்லும் ‘அம்பிகாபதி’ திரைக்கு வந்தது.

கதை செவிவழியாக வந்தது. கல்வெட்டுச் சான்று கொண்டதன்று. கம்பரின் மகன் அம்பிகாபதி. சோழவேந்தன் மகள் அமராவதி. அரசவைப் பாவலரின் மகன் அரசமகளைக் காதலித்தான். வேந்தன் வெகுண்டான். இன்பச்சுவை கலவாது நூறு பாடல் பாடினால் உயிரும் காதலும் பிழைக்கும்; ஒன்று தவறினும் தலை போகும் என்றான். அம்பிகாபதி பாடினான். மறைவிலிருந்து எண்ணி வந்த அமராவதி, காப்புச் செய்யுளையும் சேர்த்து எண்ணி, நூறும் முடிந்ததென்று மகிழ்ந்து வெளிப்பட்டாள். முடிந்திருந்தவை தொண்ணூற்றொன்பதே! அவள் முகங்கண்ட பாவலன் வாயில் அடுத்து எழுந்தது காதற்பாட்டு. அவன் தலை வீழ்ந்தது.

எண்ணிப் பாருங்கள்! இத்தண்டனை எந்நாட்டு முறை? எட்டுத்தொகையுள் நற்றிணை, குறுந்தொகை, ஐங்குறுநூறு, கலித்தொகை, அகநானூறு ஆகிய ஐந்தும் முழுமையாக அகநூல்கள். பாலை பாடிய பெருங்கடுங்கோ முடிவேந்தன், காதலைப் பாடியதால் அவன் முடி சரியவில்லை, புகழே ஏறிற்று. வள்ளுவர் 250 குறட்பாக்களைக் காமத்துப்பாலுக்கு ஒதுக்கினார். அத்தகு மண்ணில், ஒரு காதற்பாட்டுக்கு ஓர் உயிர் விலையா?

படத்தை நெறிப்படுத்தியவர் எல்லிசு ஆர். டங்கன் என்னும் அமெரிக்கர், தமிழறியாதவர். பாடலால் நாட்டை ஈர்த்த எம். கே. தியாகராச பாகவதர் அம்பிகாபதியாகவும், எம். ஆர். சந்தானலட்சுமி அமராவதியாகவும் நடித்தனர். உரையாடலை எழுதியவர் இளங்கோவன். செக்சுபியரின் ‘உரோமியோ சூலியட்’ காதற்காட்சிகளின் சாயல் படத்தில் உண்டு. காட்சி கடனாக வந்தது. சொல்லோ இம்மண்ணின் சொல்!

அதற்குமுன் திரையில் பாட்டே ஆட்சி செய்தது. உரையாடல் பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையிட்ட பாலமாகவே இருந்தது. இளங்கோவனின் உரைநடையை மக்கள் காதுகொடுத்துக் கேட்டனர். உரையாடல் எழுதியவரின் பெயரையும் நினைவிற் கொண்டனர். அந்நடையில் வடசொற் கலப்பு அறவே நீங்கிற்று என்று கூறல் இயலாது. உண்மையை மறைத்தல் தமிழுக்குச் செய்யும் தொண்டாகாது. எனினும், அரங்கிலும் அவையிலும் தமிழ் தலைநிமிர்ந்து பேசலாம் என்னும் துணிவை அது தந்தது. 1942-இல் ‘கண்ணகி’ திரைக்கு வந்தபோது, அவள் வாய்ச்சொல்லை எழுதியவரும் அதே இளங்கோவனே. வழக்குரைக்கும் தமிழ்ப்பெண்ணின் சினம், தமிழ்ச்சொல்லாலேயே கொட்டகைகளில் முழங்கிற்று.

பெருமக்களே! பாவலனைக் கொன்ற கதை, அவன் மொழியைத் திரையில் வாழவைத்தது. படத்தைக் கண்டோர் பலர் அமராவதியின் பிழைக்காக அழுதனர். ஆனால் எண்ணத் தவறியவள் அவளா? அறம், பொருள், இன்பம் என மூன்றாக வாழ்வை எண்ணியது தமிழ். அவற்றுள் ஒன்றை எண்ணாது விட்டவன் வேந்தன். பிழை அரியணையில் இருந்தது. தண்டனை பாவலன் கழுத்தில் விழுந்தது. சாதியும் செல்வமும் காட்டிப் பெற்ற மக்களின் காதலை வெட்ட ஓங்கும் கை எவ்வீட்டில் இருப்பினும், அக்கை அவ்வேந்தன் கையே! அதைத் தடுப்பதே தமிழறம்.