எங்காடின் பள்ளத்தாக்கு
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற கோடையில் சுவிட்சர்லாந்தின் எங்காடின் பள்ளத்தாக்கைக் கண்டு மீண்டோம். ரயில்வே குமாஸ்தாவாகிய நம் கண், முதலில் இருப்புப்பாதையிலே பதிந்ததில் வியப்பில்லை. தூசிஸ் நகரினின்று சென்மோரிட்ஸ் வரை 1904இல் முற்றுப்பெற்ற மீட்டர்கேஜ் பாதை அது. 65 மீட்டர் உயர வளைவுப் பாலத்தின்மேல் திரும்பி, வண்டி நேரே குகைக்குள் நுழைகிறது. அதனை அடுத்த பெர்னினா பாதை, பற்சக்கர உதவியின்றியே 2,253 மீட்டர் உயரம் ஏறுகிறது. இவ்விரு பாதைகளும் உலக மரபுச் சின்னங்களான 2008ஆம் ஆண்டிலேயே நம் கால்கா–சிம்லா பாதையும் அப்பெருமை எய்தியது.

பள்ளத்தாக்கில் சில்ஸ், சில்வாப்லானா, சென்மோரிட்ஸ் ஆகிய ஏரிகள் ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் வரிசையாகக் கிடக்கின்றன. 4,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த பெர்னினா சிகரம் பனி மூடி நிற்கிறது. இவ்வேரிகளின் நீர் இன் ஆற்றின் வழியே டான்யூபில் கலந்து கருங்கடலை அடைகிறது.

அவ்வூர் வீடுகள் காணத்தக்கவை. தடித்த சுவர்கள், உட்குழிந்த சிறு சன்னல்கள், வைக்கோல் வண்டி நுழையும் வளைவு வாயில். சாம்பல்நிறப் பூச்சின்மேல் வெண்சுண்ணம் தடவி, ஈரம் காயுமுன் கீறிச் சித்திரமும் வாசகமும் தீட்டியுள்ளனர்.

இவ்வீடுகளிற் பலவற்றை எழுப்பியது எவர் பணம்? பிழைப்பு நாடி வெளியூர் சென்றோர் பணம். இம்மலைநாட்டார் வெனிஸ் நகரில் மிட்டாய்க்கடை நடத்தினர். 1766இல் வெனிஸ் அவர்களை வெளியேற்றவே, ஐரோப்பாவெங்கும் பரவினர். கோடைதோறும் ஊர் திரும்பும் அவர்களை ஊரார் ‘ரந்துலின்ஸ்’, அதாவது தகைவிலான் குருவிகள், என்றழைத்தனர். அன்பர்களே, நாமும் அக்குருவிகளின் இனமன்றோ!

அவர்தம் தாய்மொழி ரோமான்ஷ். 1560இலேயே புதிய ஏற்பாடு அதில் அச்சேறிற்று. 1938இல் சுவிஸ் மக்கள் 100க்கு 90க்கு மேற்பட்ட வாக்குகளால் அதனைத் தேசிய மொழியாக ஏற்றனர். ஆயினும் இன்று சென்மோரிட்ஸ் நகரில் பெரும்பான்மையோர் பேசுவது ஜெர்மனே. சட்டம் மொழிக்கு மதிப்பளிக்கும், உயிரளிப்பது வீடே. சுவரிலே முன்னோர் பொறித்த வாசகம் நிலைத்திருக்கலாம். அதைப் படிக்கப் பேரன் வேண்டாமா?

நம் காலனியிலும் தாய் தமிழில் வினவ, பிள்ளை வேற்றுமொழியில் விடையிறுப்பதை அன்றாடம் கேட்கிறோம். ஊரில் வீடு கட்டச் சிறுகச் சிறுகச் சேமிக்கும் நாம், அவ்வீட்டில் வழங்கவேண்டிய மொழிக்கு வாரம் ஒரு மணி ஒதுக்கலாகாதா? சங்கத்தின் தமிழ் வகுப்பிற்குப் பிள்ளைகளைத் தவறாது அனுப்புங்கள். வீட்டில் அவர்களோடு தமிழிலேயே உரையாடுங்கள். இதுவே நம் வேண்டுகோள்.